கொத்தனார் தொழிலுக்கு வாரிசு யார்?

(உப்பளத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் முன் நிகழ்த்திய பிரசங்கம்)



கடன் கொடுப்பதும், விதையும் உரமும் வாங்கித் தருவதும், பால் சேகரிப்பதுமே கூட்டுறவுச் சங்கத்தின் வேலை என்று நம்மில் பலர் எண்ணி வருகிறோம். இவை அவசியமான காரியங்களே. ஆயினும், பணத்தைப்போலவே கைத்திறனும் ஓர் ஊரின் மூலதனமாகும். பணம் குறைந்தால் கணக்குப் புஸ்தகம் அதை உடனே காட்டிவிடும். கைத்திறன் குறைவதையோ எந்தக் கணக்கும் காட்டுவதில்லை. வீடு இடிந்த பிறகுதான் அது நமக்குத் தெரிகிறது.

2014-ஆம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி, கனத்த மழையில், புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலிருந்த மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1870-ஆம் ஆண்டையொட்டி எழுந்த நகரசபைக் கட்டடம் அது. பழைய தோற்றத்திலேயே சுமார் 15 கோடி ரூபாய்ச் செலவில் அது திரும்பக் கட்டப்பட்டு, 2021-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் திறந்து வைக்கப்பட்டது. சர்க்கார் கட்டடத்துக்குக் கோடிகள் கிடைத்தன. நமது தெருவிலுள்ள பழைய வீடுகளுக்கு யார் கோடி கொடுப்பார்? அவற்றுக்கு வேண்டியது, பழுது சிறிதாக இருக்கும்போதே அதைக் கண்டு செப்பனிடத் தெரிந்த ஒரு கொத்தனார்தான்.

இவ்விடத்தின் பெயரையே கவனியுங்கள். உப்பளம் என்றால் உப்பு விளையும் நிலம். கடற்காற்றிலும் உப்பு, நிலத்து ஈரத்திலும் உப்பு. அந்த ஈரம் அஸ்திவாரத்தின் வழியாகச் செங்கல்லில் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே மூச்சு விடவிடும். உப்பினால் பூச்சு உதிர்ந்தாலும் உள்ளிருக்கும் செங்கல் பிழைத்துக்கொள்ளும். இத்தகைய பழஞ்சுவரின்மேல் சிமிட்டியை அழுத்திப் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்பு செங்கல்லையே அரிக்கத் தொடங்குகிறது. வெளிப்பார்வைக்குச் சுவர் புதிதாகத் தோன்றும். உள்ளே அது மாவாகிக்கொண்டிருக்கும். சிமிட்டி கெட்ட பொருளென்று நான் சொல்லவில்லை. எந்தச் சுவருக்கு எது பொருந்தும் என்று அறிந்தவனே தொழிலாளி.

அந்த அறிவு ஒரு நாளில் வருவதன்று. கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துப் பதம் பார்ப்பது ஒரு வித்தை. தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்துக்கல்லாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கட்டைகளால் நாட்கணக்கில் அடித்துத் தளம் இறுகச் செய்யும் மெத்தை வேலை மற்றொரு வித்தை. இவற்றை எழுதி வைக்கலாம். ஆனால் சாந்தின் பதம் ஏட்டில் இல்லை, கையில் இருக்கிறது. அந்தக் கை ஓய்வதற்கு முன் வேறொரு கை அதைப் பற்றிக்கொள்ளவேண்டும்.

முற்காலத்தில் தந்தை மகனுக்குக் கற்பித்தான். இன்று கொத்தனார் தம் மகன் கரணை பிடிப்பதை விரும்புவதில்லை. இதற்காக அவரைக் குறை கூறலாகாது. மழைக்காலத்தில் வேலையில்லை, சாரத்திலிருந்து விழுந்தால் ஆதரவில்லை, நாற்பது வருஷம் உழைத்தாலும் தொழிலறிவுக்கு ஓர் அத்தாட்சிப் பத்திரம் இல்லை. குமாஸ்தாவுக்கு உள்ள மரியாதை மேஸ்திரிக்கு இல்லாதபோது, எந்தத் தகப்பன் தன் பிள்ளையை அத்தொழிலுக்கு அனுப்புவான்? இளைஞர்களுக்கு உழைப்பில் விருப்பமில்லை என்று சொல்வது சுலபம். உழைப்புக்குரிய நிலைமையை நாம் சீர்ப்படுத்தினோமா என்பதே கேள்வி.

ஆலைகளை நம்பியிருந்த காலமும் போய்விட்டது. 1898-ல் தோன்றிய ரோடியர் ஆலை, பின்னர் ஏ.எப்.டி. என்று பெயர் பெற்று, 2020-ஆம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி மூடப்பட்டது. அத்தகைய ஆலைகளில் நெசவாளர் மட்டுமா உருவாயினர்? பிட்டர்களும், கடைசல்காரர்களும், கொதிகலம் ஓட்டுபவர்களும் அங்கே மூத்தவர் பக்கத்தில் நின்று தொழில் கற்றனர். ஆலை மூடப்பட்டபோது வேலையோடு ஒரு பள்ளிக்கூடமும் மூடப்பட்டது.

இதற்குப் பரிகாரம் என்ன? பிற இடத்தார் செய்திருப்பதைச் சற்றுப் பார்ப்போம். ஜெர்மனியில் தொழில் பழகுபவன் வாரத்தில் சில நாள் பள்ளியிலும், மற்ற நாட்களில் பட்டறையிலும் கற்கிறான். மூன்று வருஷமளவு பழகும் அக்காலம் முழுவதும் அவனுக்குச் சம்பளம் உண்டு. பிரான்சு தேசத்தில் தச்சரும் கொத்தரும் ஊர் ஊராகச் சென்று, தங்கள் சங்க விடுதிகளில் தங்கி, பல ஆசான்களிடம் கற்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது. 2010-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் அதனை மனித குலத்தின் பாரம்பரியங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது.

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேக்கு அருகே, வடகரைப் பக்கத்தில், 1925-ஆம் வருஷம் வாக்படானந்தரின் உபதேசத்தால் ஊக்கம் பெற்ற 14 கூலித் தொழிலாளர் கூடி ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். இன்று அது சாலைகளும் பாலங்களும் கட்டும் பெருஞ் சங்கமாக வளர்ந்திருக்கிறது. கேரள சர்க்கார் கொல்லம் ஜில்லாவிலுள்ள சவறையில் ஏற்படுத்திய கட்டடத் தொழிற்பயிற்சிக் கழகத்தை நடத்தும் பொறுப்பும் அதற்கே கிடைத்தது. கூலிக்காரர் சங்கம் ஒரு கல்விச்சாலையை நடத்தக்கூடுமானால், நம்மால் நாலு பேருக்குத் தொழில் கற்பிக்க முடியாதா?

ஆகவே, சங்கத்தின் யோசனைக்குச் சில விஷயங்களைச் சமர்ப்பிக்கிறேன்.

முதலாவது, நமது அங்கத்தினரில் தொழில் தெரிந்த முதியோர் யார் யாரென்று ஒரு ஜாபிதா தயாரிக்கவேண்டும். கொத்து, தச்சு, கொல்லு, குழாய், மின்சாரம் என்று பிரித்து எழுதுங்கள். கற்பிக்கும் நாட்களில் அவர்களுக்குக் கூலி நஷ்டம் வராதபடி ஊதியம் கொடுக்கவேண்டும்.

இரண்டாவது, பழகுபவருக்கு உதவித்தொகை அவசியம். 100 அங்கத்தினர் மாதம் 50 ரூபாய் வீதம் கொடுத்தால் மாதத்திற்கு 5,000 ரூபாய் சேரும். மேஸ்திரி கொடுக்கும் கூலிக்கு மேலாக, இருவருக்கு மாதம் 2,500 ரூபாய் வீதம் வருஷம் முழுவதும் கொடுக்க அது போதும். 18 வயது நிறைந்தவர்களையே கட்டட வேலையில் சேர்க்கவேண்டும். பள்ளிப் பிள்ளையைப் படிப்பிலிருந்து இழுத்து வருவது பயிற்சியன்று, அநியாயம்.

மூன்றாவது, சட்டமும் சர்க்கார் திட்டங்களும் தரும் வசதிகளை விடலாகாது. 1961-ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டப்படி, 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனங்கள் பழகுநரைச் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவை. 4 பேர் முதல் 29 பேர் வரை உள்ளவை விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். 2023-ல் தொடங்கிய விசுவகர்மா திட்டம் கொத்தர், தச்சர், கொல்லர் உள்ளிட்ட 18 தொழிலினருக்கானது. பயிற்சி நாளொன்றுக்கு 500 ரூபாயும், கருவிகளுக்கு 15,000 ரூபாயும், 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சமும் பின்னர் 2 லட்சமும் வரை கடனும் அதில் உண்டு. மனுக்களை எழுதிக் கொடுப்பதைக் காரியதரிசி தமது வேலையாக ஏற்கவேண்டும்.

நான்காவது, பெண்களைப்பற்றியது. கட்டடம் நடக்கும் இடந்தோறும் சாந்து சுமப்பவள் பெண். தளம் அடித்தவளும் அவளே. சாந்தின் பதத்தை அவள் தினந்தோறும் பார்க்கிறாள். ஆயினும் சித்தாளாக நுழைந்தவள் சித்தாளாகவே ஓய்வு பெறுகிறாள். கரணையும், ரசமட்டமும், தூக்குக்குண்டும் அவள் கைக்கு எட்டுவதில்லை. கேரளத்துத் திருச்சூரில் பெண்கள் கொத்து வேலை கற்று, தங்களுக்கென்று ஒரு சங்கமே நிறுவியிருக்கின்றனர். வாரிசைத் தேடி வெளியே அலையும் நாம், பாதி தொழிலை ஏற்கெனவே அறிந்து பக்கத்தில் நிற்பவளைப் பார்க்கத் தவறுகிறோம்.

ஐந்தாவது, கற்றவருக்கு வேலை வேண்டும். நமது அங்கத்தினர் வீடுகளின் மராமத்து வேலைகளை ஒருங்கே சேர்த்துச் சங்கத்தின் மூலம் கொடுத்தால், பழகுபவருக்கு வேலையும், வீட்டுக்காரருக்கு நியாயமான விலையும், செய்த வேலைக்கு ஒரு பொறுப்பும் கிட்டும்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம் ஜனங்களின் பழமொழி. அந்தச் சுவரை வைப்பதற்கு ஆள் வேண்டுமல்லவா? அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தில் மேற்சொன்ன ஜாபிதாவை வாசிக்கும்படியும், இரண்டு பழகுநரையேனும் தேர்ந்தெடுக்கும்படியும், அவ்விருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கும்படியும் அங்கத்தினர்களை வேண்டிக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.