கிளம்ப மறுக்கும் கார்



பிழைப்பை நாடி வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இரண்டு அச்சங்கள் உண்டு. ஒன்று, வைத்தியரிடம் நோயைச் சொல்லத் தெரியாமற் போவது. மற்றொன்று, பட்டறையில் வண்டியின் கோளாற்றைப் பற்றிக் கேட்கத் தெரியாமற் போவது. இன்று இரண்டாவதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

தெற்குக் கொல்கத்தாவில், தமிழர் பலர் வாழும் லேக் மார்க்கெட் வட்டாரத்தில், நம் எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். 1984-ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாசிடர் கார் ஒன்று அவரிடம் உண்டு. அந்த வண்டிக்கும் இவ்வட்டாரத்துக்கும் நெருங்கிய உறவு. ஹூக்ளி நதியின் மேற்குக் கரையிலுள்ள உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 1948-இல் அமைந்தது. ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவிய அம்பாசிடர், 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை அங்கே தயாராயிற்று.

பெரியவரின் மனைவியார் இரு முழங்கால்களிலும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். தாழ்ந்த இருக்கையுள்ள கார்களில் ஏறி இறங்க அவரால் இயலாது. அம்பாசிடரின் உயர்ந்த இருக்கையிலோ எவர் துணையுமின்றி அமர்ந்துவிடுவார். மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் அவர் போய்வருவது அந்த வண்டியை நம்பித்தான்.

சென்ற கோடையில் ஒருநாள் காலை, வண்டி கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் நன்றாகவே சுழன்றது. இயந்திரம் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. பட்டறையில் பார்த்தவர், "இஞ்சின் தேய்ந்துவிட்டது. சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டன் போடவேண்டும்" என்றார். கேட்ட தொகையோ வண்டியை விற்றால் கிடைப்பதைவிட அதிகம். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று பெங்களூரிலுள்ள மகன் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

பெரியவர் நம்மிடம் வந்து, "தம்பி, அவர் பேசிய வங்காளத்தில் பாதி எனக்கு விளங்கவில்லை. நீங்கள் மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர். வேறொருவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

அடுத்த தெருவிலிருந்த முதிய மிஸ்திரி ஒருவரை அழைத்துவந்தோம். அவர் முதலில் பாட்டரியைச் சோதித்தார். ஸ்பார்க் பிளக்கில் பொறி வருகிறதா, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. பிறகுதான், "கம்ப்ரெஷனைப் பார்ப்போம்" என்றார்.

கம்ப்ரெஷன் என்பதை அமுக்கம் எனலாம். பிஸ்டன் கீழிறங்கும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் வருகிறது. மேலேறும்போது பிஸ்டன் அதை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காக அமுக்குகிறது. அந்நிலையில் பொறி பட்டால்தான் கலவை வேகமாக எரிந்து பிஸ்டனைத் தள்ளும். காற்று எங்கேனும் கசிந்தால் அமுக்கம் குறையும். அப்போது பொறியும் பெட்ரோலும் இருந்தும் பயனில்லை. கசிவுக்கு வழி மூன்று: பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள், மேலேயுள்ள வால்வுகள், சிலிண்டர் தலைக்கும் உடலுக்கும் இடையேயுள்ள காஸ்கெட்.

மிஸ்திரி சாவியை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டார். முன்புறத்தில் கைப்பிடியைச் செருகி மெல்லச் சுழற்றினார். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாகவே வைத்திருந்தார். இயந்திரம் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியாதிருக்கும் பொருட்டு. பின் நம்மையும் சுழற்றச் சொன்னார். அரைச்சுற்று கனத்தது, அடுத்த அரைச்சுற்று வழுக்கிக்கொண்டு போயிற்று. மீண்டும் கனம், மீண்டும் தளர்வு. நான்கு சிலிண்டர்களும் நலமாயிருந்தால் ஒவ்வோர் அரைச்சுற்றிலும் கனம் தெரிய வேண்டும். இவ்வியந்திரத்தில் வெடிக்கும் வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. ஒன்று விட்டு ஒன்று தளர்வதால், அடுத்தடுத்துள்ள இரண்டாவதும் மூன்றாவதும் பழுதோ என்று ஐயுற்றார்.

அதை உறுதிசெய்ய, நான்கு பிளக்குகளையும் கழற்றினார். பொறி உண்டாகாதபடி காயிலின் கம்பியை எடுத்துவிட்டார். துளைகளில் பெட்ரோல் ஆவி வருமாதலால் அருகே பீடியும் கூடாதென்றார். அழுத்தமானியை ஒவ்வொரு துளையிலும் பொருத்தி, ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதிக்கச் செய்து, ஸ்டார்ட்டரைச் சில சுற்றுகள் இயக்கினார். முதலாவதும் நான்காவதும் சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டுக்கு மேல் காட்டின. நடு இரண்டும் 60-ஐக்கூட எட்டவில்லை.

பின்னர் அவ்விரண்டிலும் ஒரு தேக்கரண்டி இஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தார். வளையங்கள் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடுக்கை அடைத்து, முள் நன்கு உயரும். நான்கிலும் அமுக்கம் குறைந்து, எண்ணெய் விட்டதும் உயர்ந்திருந்தால், பட்டறைக்காரர் சொன்னதே சரியாகியிருக்கும். இங்கே முள் அசையவில்லை. ஆகவே கசிவு வால்விலோ காஸ்கெட்டிலோ இருக்க வேண்டும். வால்வு இடைவெளிகளை அளந்தார், அவை சரியாயிருந்தன. அருகருகே உள்ள இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாய்த் தளர்ந்தால், அவற்றுக்கிடையே காஸ்கெட் எரிந்திருப்பதே பெரும்பான்மை. நான்கிலும் அமுக்கம் அறவே இல்லையென்றால் டைமிங் சங்கிலியை ஐயுறவேண்டும்.

சிலிண்டர் தலையைக் கழற்றியபோது, நடுவில் விரல் அகலத்துக்குக் காஸ்கெட் கருகியிருந்தது. "வண்டி எப்போதாவது கொதித்ததா, தாதா?" என்று பெரியவரைக் கேட்டார் மிஸ்திரி. பெரியவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். முந்திய வாரம் ஹௌராப் பாலத்து நெரிசலில் வெப்பமானியின் முள் ஏறியதைப் பார்த்தும், ரயிலுக்கு நேரமாகிறதென்று நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறார். ரேடியேட்டரில் நீர் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. குற்றம் வண்டியினுடையதன்று.

சிலிண்டர் தலை வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்த்தார், வளையவில்லை. மல்லிக் பஜாரில் புதுக் காஸ்கெட் வாங்கினோம். மறுநாள் மாலை வண்டி கிளம்பிற்று. ஆன செலவு, முதலில் கேட்ட தொகையில் சிறு பகுதியே.

முதற் பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நாம் சொல்ல வரவில்லை. அளந்து பார்க்காமல் தீர்ப்புச் சொன்னார். நாமும் அளந்தீர்களா என்று கேட்கவில்லை. எந்த ஊரில் இருந்தாலும், எந்த மொழியில் பேசினாலும், நேயர்கள் பட்டறையில் மூன்று கேள்விகள் கேட்கலாம். நான்கு சிலிண்டர்களின் அளவு என்ன? எண்ணெய் விட்ட பின் எவ்வளவு? வால்வு இடைவெளி பார்த்தாயிற்றா? விடைகளை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, எதிர்வீட்டு அம்மையார் வழக்கம்போல் தாமாகவே கதவைத் திறந்து முன்னிருக்கையில் அமர்ந்தார். பெரியவர் முதலில் முன்மூடியைத் தூக்கி, ரேடியேட்டரில் நீர் பார்த்தார். அதன் பிறகே சாவியைத் திருப்பினார்.