சாம்பல் கோட்டைப் பாருங்கள்



கம்ப்யூட்டரில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால், நம் வீடுகளில் உடனே வரும் தீர்ப்பு "நெட் சரியில்லை" என்பதுதான். மோடத்தை அணைத்துப் போடுவோம். அதற்கும் மசியவில்லையென்றால், மாதாமாதம் கூடுதல் பணம் கட்டிப் பெரிய பிளானுக்கு மாறுவோம். அந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால், படத்துக்குக் கீழே ஓடும் கோட்டை ஒரு நிமிடம் பாருங்கள்.

யூடியூபில் அந்தக் கோட்டில் சிவப்பாக இருப்பது நீங்கள் பார்த்து முடித்த பகுதி. அதற்கு முன்னால் வெளிர்சாம்பலாக நீண்டிருப்பது, கம்ப்யூட்டர் ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கும் பகுதி. சிவப்பு போய்ச் சாம்பலின் முனையை முட்டிக்கொண்டு நின்றால் குற்றம் நெட்டின் மேல். சாம்பல் நன்றாக முன்னால் போயிருக்கிறது, ஆனாலும் படம் திக்கித் திக்கி ஓடுகிறது என்றால், நெட் தன் வேலையை முடித்துவிட்டது. திணறுவது உங்கள் கம்ப்யூட்டர்.

நாங்கள் வானொலிக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். கோபுரத்திலிருந்து கிளம்பும் அலையைப் பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் ஒன்றுதான். இணையப் படம் வீட்டுக்கு வீடு தனியாக வந்து சேர வேண்டும். அதுவும் முழுசாக வருவதில்லை. சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் மங்கலிலிருந்து துல்லியம் வரை பல தரங்களில் சர்வரில் வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டு வந்து சேர எவ்வளவு நேரமானது என்று பார்த்து, அடுத்ததை எந்தத் தரத்தில் கேட்கலாம் என்று பிளேயரே முடிவு செய்கிறது. ஆகவே நெட் தளர்ந்தால் முதலில் படம் மங்கும், அப்புறம்தான் நிற்கும். முன்பெல்லாம் படத்தை நிறுத்திவிட்டுக் காபி போட்டுக்கொண்டு வந்தால் கோடு முழுக்க நிரம்பியிருக்கும். இப்போது அது பலிக்காது. நீங்கள் பாதியில் எழுந்து போய்விட்டால் மிச்சம் வீண்தானே என்று, கொஞ்ச தூரத்துக்கு மட்டுமே முன்கூட்டி இறக்குகிறார்கள்.

நெட்தான் காரணம் என்று தெரிந்த பிறகும் பிளானை மாற்ற அவசரப்படாதீர்கள். 1080 தரத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்பது நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்லும் கணக்கு. 40 எம்பிபிஎஸ் பிளான் இருக்கும் வீட்டில் படம் நின்றால், அந்த வேகம் கம்ப்யூட்டர் வரை வந்து சேரவில்லை என்று அர்த்தம். ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை நேராகக் கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். படம் ஒழுங்காக ஓடினால் வம்பு வைஃபையில். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டிப் போகும்; ஆனால் அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், புளூடூத், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் முட்டி மோதுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, எட்டும் தூரமும் குறைவு. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே கம்ப்யூட்டரும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதற்கு மாறலாம்.

கேபிளிலும் நின்றால், காலையில் ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை வேகத்தை அளந்து குறித்து வையுங்கள். காலையில் நன்றாக இருந்து இரவில் மட்டும் விழுந்தால், பெரும்பாலும் தெருவே பங்கு போட்டுக்கொள்ளும் இணைப்பில்தான் நெரிசல். இணைப்புக் கொடுத்தவரிடம் "ஸ்லோவா இருக்குங்க" என்பதைவிட இந்த இரண்டு எண்களைச் சொன்னால் அவரால் மழுப்ப முடியாது.

இனி, சாம்பல் கோடு முன்னால் இருந்தும் திக்குகிற படம். இணையத்தில் வரும் படம் சுருக்கப்பட்டு வருகிறது. அதை விரிப்பது கம்ப்யூட்டரின் வேலை. எச்.264 என்ற சுருக்கும் முறை 2003-இல் வந்தது. 2013-இல் விபி9, 2018-இல் ஏவி1 வந்தன. புதியது இன்னும் இறுக்கமாகச் சுருக்கும். டேட்டா மிச்சம்தான், ஆனால் விரிப்பது கடினம். புதிய கம்ப்யூட்டர்களில் இதற்கென்றே கிராஃபிக்ஸ் சிப்பில் தனிப் பகுதி உண்டு. பழையதில் அது இல்லாததால் மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழுகிறது. விசிறி இரையும், லேப்டாப் சூடாகும், குரல் சரியாக வரும், படம் மட்டும் தாவும். யூடியூபில் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒரு வரி வரும். அதற்குள் எத்தனை ஃபிரேம்கள் தவறிப்போயின என்ற எண் இருக்கும். அது ஏறிக்கொண்டே போனால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு உடனடி வைத்தியம், தரத்தை 720-க்கோ 480-க்கோ இறக்குவது. அடுத்து, பிரவுசர் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதியில் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், அணைந்திருந்தால் போடுங்கள். இதில் ஒரு வேடிக்கை. படம் பச்சையாகத் தெரிகிறது, அல்லது குரல் மட்டும் கேட்டுத் திரை கறுப்பாக இருக்கிறது என்றால், அதே ஸ்விட்சை அணைத்துப் பார்க்க வேண்டும். அணைத்ததும் சரியானால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்கும் வேளை வந்துவிட்டது.

படம் தொடங்கவே இல்லையென்றால் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். அங்கே ஓடினால், பெரும்பாலும் விளம்பரம் தடுக்கவோ வேறெதற்கோ நீங்கள் சேர்த்த எக்ஸ்டென்ஷன்களில் ஒன்று குறுக்கே நிற்கிறது. ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எடுத்த எடுப்பில் பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் எல்லாவற்றையும் அழி என்று சொல்லும் வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எல்லாத் தளங்களிலும் மறுபடி பாஸ்வேர்டு போட்டு நுழைவதுதான் பெரும்பாலும் கண்ட பலன்.

"ஃபிளாஷ் பிளேயரை அப்டேட் செய்தால்தான் படம் வரும்" என்று ஏதாவது பக்கம் கேட்டால் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். அடோபி நிறுவனம் ஃபிளாஷை 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு கைவிட்டுவிட்டது. இன்றைக்கு அந்தப் பெயரில் கதவைத் தட்டுவது வைரஸ்தான்.

மேசைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பான இணைப்பு இல்லை' என்று வந்தால், திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். வருஷம் பின்னால் போயிருக்கக்கூடும். தேதி தவறினால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாது; படமும் வராது. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்ட மதர்போர்டில் காசு போல ஒரு வட்ட பேட்டரி இருக்கும்; அது தீர்ந்தால் தேதி தவறும். பெரும்பாலும் சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். கடிகாரக் கடைகளிலும் கிடைக்கும். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள், பிறகு தேதியைச் சரிசெய்துவிட்டுப் படத்தைப் போடுங்கள்.