ஒரு தடவை எழுது, எல்லாரும் கேட்கட்டும்

இன்னிக்கு டேட்டாபேஸ் வியூ. அதாவது, பேர் வெச்சு சேமிச்ச கொயரி.

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படை இணையதளத்தில் அலை உயரத்தைப் பார்த்து, நம்ம வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் சொல்லுவாங்க. ஒரு இடத்தில் எடுத்தாங்க, ஊரே கேட்டுச்சு.

வியூவும் அப்படித்தான். அதே அலை உயர கொயரியை ஆப், வெப்சைட், எஸ்எம்எஸ்னு மூணுலயும் தனித்தனியா எழுதுறீங்கன்னு வைங்க. டேபிள்ல அடிக்கணக்கு மீட்டருக்கு மாறினா மூணையும் திருத்தணும். ஒண்ணு விட்டுப்போனா, 3 மீட்டர் அலையை 3 அடின்னு காட்டும். அதை நம்பி ஒருத்தர் படகை எடுப்பார்.

வியூவா எழுதிட்டா, ஒரு இடத்தில் திருத்தினா போதும். மூணும் சரியாச் சொல்லும்.