ஐந்து சரி, ஆறாவது?

(கிளை உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

"கணக்கைப் பற்றி வேண்டுமானால் பேசுகிறேன்" என்று செயலாளரிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "டிபன் ஆறுவதற்குள் முடித்துவிடுங்கள், ஸார்" என்றார். ஆகவே ஒரே ஒரு எண்: 429,49,67,297.

இது எப்படி வந்தது? 2-உடன் 1 கூட்டினால் 3. 2-ஐ வர்க்கம் செய்தால் 4. 1 கூட்ட 5. அந்த 4-ஐ வர்க்கம் செய்தால் 16. 1 கூட்ட 17. இப்படியே போனால் அடுத்தது 257, அதற்கடுத்தது 65,537. இந்த ஐந்துமே பகா எண்கள். அதாவது 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாதவை. ஆறாவதாக வருவதுதான் நம் எண்.

இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்களே என்று 1640-ல் பிரான்சு தேசத்து ஃபெர்மா நம்பினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. கணிதம் அவருக்குப் பொழுதுபோக்கு. உத்தியோகம் துலூஸ் நகர நீதிமன்றத்தில். நம்மைப் போல் ஃபைல் பார்த்தவர்!

1732-ல், அப்போது 25 வயதே ஆன ஆய்லர், அந்த ஆறாவது எண்ணை 641 மீதியின்றி வகுக்கும் என்று காட்டினார். ஈவு 67,00,417.

ஆயிரக்கணக்கில் வகுத்துப் பார்த்தாரோ என்று நினைக்க வேண்டாம். இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்று ஒரு விதி. ஆய்லரே பின்னாளில் அதை விளக்கியிருக்கிறார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே விடை! இதில் வேடிக்கை, அந்த விதிக்கு ஆதாரமான தேற்றம் ஃபெர்மாவுடையது. அதே 1640-ல் கண்டுபிடித்தது. சாவியைத் தன் மேஜை டிராயரிலேயே வைத்துக்கொண்டு பூட்டைத் திறந்து பார்க்காமல் இருந்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கட்டுப் பயணப்படி பில்கள் வந்தன. ஐந்தைச் சரிபார்த்தேன், பைசா பிசகவில்லை. ஆறாவதைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரே பயணத்துக்கு இரண்டு தரம் படி வாங்கியிருந்தது. மெமோ எனக்குத்தான் வந்தது. கல்லூரியில் 641-ஐப் படித்துவிட்டு வந்தவன் நான்!

இன்று அந்த வரிசையில் ஆறாவது முதல் முப்பத்து மூன்றாவது வரை எல்லாமே பகு எண்கள் என்று தெரிந்திருக்கிறது. அதற்கப்பாலும் ஒரு பகா எண்கூட இதுவரை அகப்படவில்லை. இனி அகப்படவே அகப்படாது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. ஐந்தாவதான 65,537 மட்டும் இன்றும் உத்தியோகத்தில் இருக்கிறது. இணையத்தில் ரகசியத் தகவல்களைப் பூட்டி அனுப்பும் முறைகளில் அதை நிறையவே பயன்படுத்துகிறார்கள்.

குழந்தைகளுக்கு ஒன்று. 641 என்பது 625-உம் 16-உம் சேர்ந்தது. 128-ஐ ஐந்தால் பெருக்கி 1 கூட்டினாலும் அதே 641. இவ்விரண்டையும் வைத்து, வகுக்காமலே ஆய்லரின் விடையை நிரூபிக்கலாம். டிபனுக்குப் பிறகு பேப்பரும் பென்சிலுமாக அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன், வாருங்கள்.