அதே பந்து, அதே கை
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பௌலிங் என்றதும் கிரிக்கெட் என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது, சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது பழகிய பத்துப் பின் பௌலிங். 180, 190 எடுத்த தைரியத்தில் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். 120-ஐத் தாண்டவில்லை!

விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. எறியும் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. ஏறக்குறைய 40 அடி வரை எண்ணெய் பூசுவார்கள். எண்ணெயில் பந்து வழுக்கும். காய்ந்த இடத்தில் பிடித்துத் திரும்பும். சாதாரண நாட்களில் நடுவில் தாராளமாக, ஓரத்தில் சிக்கனமாகப் பூசுவதால், கை தவறி ஓரம் போன பந்தும் திரும்பி வந்துவிடும். நம்ம திறமை இல்லீங்க, எண்ணெயோட புண்ணியம்! போட்டியிலோ அகலம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவு.

அங்கே ஒரு சீனப் பெரியவர் கணக்கு சொல்லிக்கொடுத்தார். பாதையின் அகலம் 39 பலகை. எண்ணெயின் நீளத்தில் 31-ஐக் கழித்தால், வலது ஓரத்திலிருந்து எத்தனையாவது பலகையில் பந்து திரும்ப வேண்டும் என்று தெரியும். 41 அடிக்குப் பத்தாவது பலகை. 35 அடிக்கு நாலாவது, பள்ளத்தை ஒட்டி!

இது ஆரம்பத்துக்குத்தான். ஆட ஆட எண்ணெய் தேயும். பந்து இடப்பக்கம் அதிகமாகத் திரும்பினால், வலக்கைக்காரர் நிற்கும் இடத்தையும் இடப்பக்கமே நகர்த்தணும். இது மண்டையில் ஏற எனக்கு ஆறு மாசம்.

அடுத்த போட்டியில் 165. பரிசு கிடைக்கலை. ஆனா ஒவ்வொரு பந்தும் ஏன் அங்கே போச்சுன்னு சொல்ல முடிஞ்சுது.