வாங்கிய பின் வரும் வருத்தம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடல் கடந்து வந்தும் தமிழைக் கைவிடாத இந்த அவையில் இலக்கியம் பேசுவதே முறை. ஆனால் நம் செயலாளர், "உங்கள் டிரெய்லர் கதையைச் சொல்லுங்கள், இங்குப் பலர்க்குப் பயன்படும்" என்றார். கதையையும் சொல்லி, குறளையும் ஒருமுறை தொட்டுவிட்டு அமர்கிறேன்.

யான் பிறந்த ஊர் அம்பூரி. பாறசாலைப் பக்கமிருந்து வெள்ளறடை வழியாக மலைநோக்கி ஏறினால் வரும் எல்லையோரச் சிற்றூர். 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு முதலிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆதலின் எங்கள் வீட்டில் பள்ளிப் பாடம் மலையாளம். அம்மாவின் ஏச்சும் பேச்சும் தமிழ்.

இந்தியாவின் வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்து 2020 மார்ச்சில் நின்று, 2022 மார்ச்சில்தான் மீண்டது. இடையே ஊர் செல்ல வழி அரிது. இங்கோ வீட்டை விட்டு வெளியேறவும் அச்சம். அந்நாளில்தான் காருக்குப் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் வீட்டின்மீது என் கண் பட்டது. கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, குளியலறை உண்டு. அம்மா வந்தால் அதில் ஏற்றி நாடெல்லாம் காட்டலாம் என்று எண்ணினேன். 2021இல், முப்பத்தெட்டாயிரம் டாலர் விலை. முன்பணம் நாலாயிரம் போக, எஞ்சியது பதினைந்தாண்டுக் கடன். அவ்வாண்டு அமெரிக்காவில் இவ்வகை வண்டிகள் ஆறு லட்சம் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்தன. அதுவரை காணாத உயரம் அது. 2023இல் அந்த எண் ஏறத்தாழ மூன்று லட்சத்துப் பதின்மூன்றாயிரமாகச் சரிந்தது. யான் தனியே ஏமாந்தேன் அல்லேன் என்பது ஓர் ஆறுதல்!

தொலைபேசியில் படம் காட்டியபோது அம்மா கேட்டார்: "வீட்டையும் இழுத்துக்கிட்டு எங்க போற மக்களே?" யான் சிரித்தேன். அக்கேள்விக்கு விடை எனக்கு இரண்டாண்டு கழித்தே கிடைத்தது.

முதற் பயணத்திலேயே பின்னோக்கிச் செலுத்தத் தெரியாமல் வேலியை இடித்தேன். எங்கள் குடியிருப்பில் வண்டியைத் தெருவில் நிறுத்த விதி இடந்தரவில்லை. நிறுத்துமிடத்துக்கு மாத வாடகை. பனிக்காலத்துக்கு முன் குழாய்நீரை முற்றும் வடிக்க வேண்டும். மறந்தால் உறைந்து வெடிக்கும். கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் கைங்கரியத்தைச் சாப்பாட்டுக்கு முன் விரிக்க வேண்டா. இரண்டாண்டில் அதில் உறங்கியவை பதினோர் இரவுகள். கணக்கிட்டுப் பார்த்த என் மனைவி, "ஓர் இரவுக்கு அரண்மனையில் தங்கியிருக்கலாம்" என்றாள்.

ஆயினும் குறையை யான் ஒப்பவில்லை. பொங்கல் விழாவில் உங்களில் பலர்க்கு அதன் படத்தைக் காட்டிப் பெருமை பேசினேன் அல்லவா? இரவில் அவ்வகை வண்டிகளைப் புகழும் எழுத்துகளையே தேடிப் படித்தேன். 1957இல் உளவியலார் சிலர் புதுக்கார் வாங்கியோரை ஆராய்ந்தபோது, தாம் வாங்கிய காரின் விளம்பரங்களையே அவர்கள் மிகுதியாகப் படிக்கக் கண்டனர். அதே ஆண்டில் லியான் பெஸ்டிங்கர் என்னும் அறிஞர், தன் செயலும் தன் எண்ணமும் முரணும்போது மனம் படும் இடரைத் தனி நூலாகவே எழுதினார். வாங்கு முன் படிக்க வேண்டியதை வாங்கிய பின் படிக்கிறோம். அதுவும் வருத்தத்தை உறங்கவைக்கவே படிக்கிறோம்.

சட்டத்தின் துணையையும் தேடினேன். மூன்று நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று இங்கு நம்மவர் பலர் நம்புகின்றனர். அந்த விதி வீடு தேடி வந்து விற்பவர் போன்றோர்க்கே உரியது. நாமே விற்பனைக்கூடம் சென்று கையொப்பமிட்ட வண்டிக்குப் பொருந்தாது. இந்தியாவிலும், பொருளில் குறையிருந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையிடலாம். மனம் மாறியமைக்கு முறையீடில்லை.

இனிக் குறளுக்கு வருவோம். வினைத்தூய்மை அதிகாரத்தில் பின்னிரக்கம் பற்றி ஒரு குறள் உண்டு. பின்னர் 'என்ன செய்தோம்' என்று இரங்கத்தக்க செயலைச் செய்யாதே என்பது அதன் முற்பகுதி, அதில் ஐயமில்லை. செய்துவிட்டால்? அங்கேதான் உரையாசிரியர்கள் பிரிகின்றனர். அத்தகையதை மீண்டும் செய்யாதே என்கிறார் மணக்குடவர். அதை எண்ணி இருந்து இரங்காதே என்கிறார் பரிமேலழகர். கல்லூரி நாளில் இதைச் சொற்பிரிப்புச் சண்டை என்றே கருதினேன். டிரெய்லர் வாங்கிய பிறகே இரண்டும் இருவேறு மருந்துகள் எனத் தெரிந்தது. பரிமேலழகர் மருந்தை முதலில் உண்ண வேண்டும் என்பது என் கருத்து. இரங்கிக்கொண்டே இருப்பவன் வண்டியை விற்பதும் இல்லை, அனுபவிப்பதும் இல்லை. மாதவாடகை மட்டும் கட்டுகிறான்.

ஒருநாள் எனக்குள் கேட்டேன்: இவ்வண்டியை இன்று ஒருவர் இலவசமாகத் தந்தால், இதே வாடகையும் காப்புறுதியும் கட்டி வைத்துக்கொள்வேனா? 'மாட்டேன்' என்று மனம் உடனே சொல்லிற்று. போன பணம் வைத்திருந்தாலும் வாராது. 2023இல் இருபத்துமூவாயிரத்துக்கு விற்றேன். கடன்பாக்கி முப்பத்தோராயிரம். எண்ணாயிரத்தைக் கையிலிருந்து கட்டிய அன்று வயிறு எரிந்தது. இரவு நன்றாக உறங்கினேன்.

அவ்வாண்டே ஊர் சென்றேன். அம்மாவுக்கு முழங்கால் தளர்ந்து, திண்ணையினின்று முற்றத்துக்கு இறங்கவே கை வேண்டியிருந்தது. எந்த மலையை யான் அவர்க்குக் காட்ட இருந்தேன்? எதிரே மலை நின்றது. நாளெல்லாம் அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யான் வாங்கியது ஊருக்குப் போக முடியாத ஏக்கத்துக்கு ஒரு சக்கரம். அதைத் தவறு என்று சொல்ல இன்றும் எனக்கு மனம் வரவில்லை, விலைதான் மிகுதி.

அங்கே மைத்துனன் ஒருவன் காத்திருந்தான். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை அறிவித்து, 2022 பிப்ரவரியில் வாகமணில் முதற் பூங்காவும் திறந்தது. "அத்தான், நானும் கேரவன் ஒண்ணு வாங்கி நெய்யார் அணைக்குப் பக்கம் விடலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்லுதிய?" என்றான். 'வாங்காதே' என்று சொல்ல நா எழுந்தது, அடக்கிக்கொண்டேன். என் இழப்பு அவன் தொழிலுக்கு அளவுகோல் ஆகாது. ஐப்பசி மழையில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து வெள்ளறடை வளைவுகளில் ஓட்டிப் பார், இரவில் எங்கே நிறுத்துவாய் என்பதையும் பார் என்றேன். 2001 நவம்பரில் எங்கள் ஊர்மலை சரிந்து உயிர்கள் பல மாய்ந்ததை அவனும் அறிவான்; சரிவின் அடியில் உறங்கும் வண்டியை விருந்தினர்க்கு விடலாகாது. அவன் முகம் சற்றே வாடிற்று. பிறகு, "வாடகை என்ன ஆகும் அத்தான்?" என்று கேட்டான்.

அன்பர்களே, என் டிரெய்லரை வாங்கியவர் இழுவைக் கொக்கியின் பூட்டை மறந்து சென்றார். அது இன்னும் என் கார்க்கொட்டகையில் கிடக்கிறது. வேண்டுவோர் விழா முடிந்தபின் என்னைக் காணலாம். விலை வேண்டா, எத்தனை இரவு வாடகை வண்டியில் உறங்கினீர்கள் என்று மட்டும் கேட்பேன்.