கைப்பேசிக் கேமராவும் கூலிக் கணக்கும்

(செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரைப் பகுதியின் பஞ்சாயத்து அங்கத்தினர்கள், விவசாயிகள் ஆகியோரிடையே வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய பேச்சு.)



ஏரி மராமத்தைப் பற்றியோ பசுந்தாள் உரத்தைப் பற்றியோ பேசுவோம் என்று எண்ணி வந்திருப்பீர்கள். இன்று கைப்பேசியிலுள்ள கேமராவைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறோம். பட்டணத்துப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு இதில் நமக்கென்ன என்று நினைத்துவிட வேண்டாம். மண் வெட்டியவருக்குக் கூலி சேருவதும் சேராததும் அந்தச் சிறு கண்ணாடியைப் பொறுத்ததாக ஆகிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

நூறு நாள் வேலையில் உண்டான குளம், வாய்க்கால், சாலை ஆகியவற்றைப் படமெடுத்து, இருக்குமிடத்தையும் குறித்து, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘புவன்’ வரைபடத்தில் ஏற்றும் பணி 2016ஆம் ஆண்டு தொடங்கியது. 2017 நவம்பர் முதல், வேலைக்கு முன்னும், நடக்கும்போதும், முடிந்த பின்னும் என மூன்று படங்கள் கேட்கப்பட்டன. பிறகு 2021 மே மாதத்தில் வருகைப் பதிவுக்கான ஆப் வந்தது. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து, தனிநபர் பயனாளி வேலைகள் நீங்கலாக எல்லா வேலைத்தளங்களுக்கும் அது கட்டாயமாயிற்று. நாள்தோறும் இருமுறை படம் பிடிக்க வேண்டும் என்பது விதி. 2025 டிசம்பரில் பாராளுமன்றம் பழைய சட்டத்திற்கு மாற்றாகப் புதிய சட்டம் இயற்றியது. அதிலும் தொழில்நுட்பக் கண்காணிப்பே வற்புறுத்தப்படுகிறது. ஆகவே கேமரா நம்மை விடப்போவதில்லை.

ஆப் கட்டாயமான அந்தக் கோடையில், கடற்கரையை அடுத்த ஓர் ஊரில் வரத்துக் கால்வாய் தூர்வாரும் வேலை நடந்தது. பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவர் படித்த பெண்; கைப்பேசியும் புதியது. முதல் நாள் காலையில் ஆப்பைத் திறந்ததும், ‘படம் எடுக்க அனுமதிக்கலாமா?’ என்று அது கேட்டது. தெரியாத ஆப்புக்குக் கேமராவைக் கொடுக்காதே என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். அதுவும் நல்ல புத்திமதிதான். எனவே ‘வேண்டாம்’ என்று அழுத்தினார். மறுபடியும் கேட்டது, மறுபடியும் மறுத்தார். அதன் பிறகு அது கேட்கவேயில்லை. திரை கறுப்பாகவே நின்றது. பதினெட்டுப் பேர் மாலைவரை மண் சுமந்தார்கள். கணினியில் அவர்கள் வேலைக்கே வரவில்லை.

மறுநாள் ஒரு மூதாட்டி நம்மிடம், “சுமந்தது நாங்கள், ஐயா. படம் விழாததற்கு நாங்கள் என்ன செய்வோம்?” என்று கேட்டார். நமக்குப் பதில் இல்லை. காகிதப் பதிவேட்டையும் வெட்டிய மண்ணின் அளவையும் சரிபார்த்து மேலிடத்திற்கு எழுதினோம். கூலி காலந்தாழ்ந்து வந்து சேர்ந்தது. பிழை அந்தப் பெண்ணினுடையதன்று. பொறியைக் கையில் கொடுத்துவிட்டு, அதைச் சரிசெய்து வைக்கும் விதத்தைச் சொல்லித்தராத நம்முடையது.

ஆப்புக்கென்று தனிக் கேமரா கிடையாது. கைப்பேசியின் கண்ணையே அது இரவல் வாங்குகிறது. உடையவர் இசைந்தால்தான் இரவல். ஆண்ட்ராய்டு 11 முதல் வந்த கைப்பேசிகளில் இருமுறை மறுத்துவிட்டால் ஆப் மீண்டும் கேட்க முடியாது. நாமே ‘அமைப்புகள்’ பகுதிக்குச் சென்று, அந்த ஆப்பின் பெயரைத் தொட்டு, ‘அனுமதிகள்’ என்பதில் கேமராவைத் திறந்துவிட வேண்டும். இன்னொன்றும் உண்டு. சில மாதங்கள் தொடாமல் கிடந்த ஆப்பிடமிருந்து, கொடுத்த அனுமதியைக் கைப்பேசி தானே திரும்ப வாங்கிக்கொள்ளும். நம் ஊர் வேலைகளோ மழைக்காலத்தில் நின்று கோடையில் தொடங்குபவை! தை மாதம் ஒழுங்காக இருந்தது சித்திரையில் மக்கர் செய்வதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். வேலை தொடங்கும் நாளுக்கு முன்தினமே ஒரு முறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இடக்குறிப்பு. மாமல்லபுரம் ஏறத்தாழ வடக்கே 12.62 பாகையிலும் கிழக்கே 80.19 பாகையிலும் உள்ளது. புள்ளிக்குப் பின் நான்காவது இலக்கம் ஒன்று மாறினால் நிலத்தில் சுமார் 11 மீட்டர் நகரும். இரண்டாவது இலக்கம் மாறினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். அதாவது கரையிலுள்ள வாய்க்கால் கடலுக்குள் விழும். ஆண்ட்ராய்டு 12 முதல், ‘துல்லியமான இருப்பிடமா, தோராயமானதா?’ என்று கைப்பேசி கேட்கிறது. துல்லியமானதையே தேர்ந்தெடுக்க வேண்டும். கூரைக்கடியிலும் அடர்ந்த சவுக்குத் தோப்பிலும் நின்று எடுக்காமல், திறந்த வெளியில் ஒரு நிமிடம் பொறுத்திருந்து எடுப்பது நலம்.

படத்தின் பருமனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். 4000க்கு 3000 என்ற படத்தில் ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள் உள்ளன. 1280க்கு 960 என்று குறைத்தால் சுமார் பன்னிரண்டு லட்சந்தான். பத்தில் ஒரு பங்கு. முகம் தெரிய இது போதும். சிக்னல் மெலிந்த ஊரிலும் ஏறிவிடும். இந்த அளவை ஆப் செய்பவர்தான் அமைக்கிறார். அவர்கள் விலை குறைந்த பழைய கைப்பேசி ஒன்றுடன் நம் கடற்கரைக்கு வந்து ஒரு நாள் சோதித்துப் பார்த்தால் நல்லது. கோளாறு நேரும்போது வெறும் எண்ணைக் காட்டாமல், இன்னது செய்க என்று தமிழில் சொன்னால் இன்னும் நல்லது.

கடற்கரைக் கோயிலருகே படம் எடுத்துப் பிழைப்பவர்களுக்குத் தெரிந்த ஒன்றை நாமும் தெரிந்துகொள்ளலாம். காலையில் சூரியன் கடற்பக்கம் நிற்கிறான். ஆட்களைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினால் முகமெல்லாம் கருத்துவிடும். மாலையில் இதற்கு நேர்மாறு. உப்புக் காற்றால் கண்ணாடியில் படியும் மங்கலைச் சுத்தமான மெல்லிய பருத்தித் துணியால் துடைக்கவும். மணல் ஒட்டிய முந்தானையால் துடைத்தால் கீறல் விழும்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள், படத்தையே படமெடுத்தவை, பதிவிலுள்ள ஆண் பெண் தொகைக்கு ஒவ்வாதவை, இரண்டாவது படமே ஏற்றாதவை முதலிய முறைகேடுகளை அது எடுத்துக்காட்டியது. பஞ்சாயத்து அளவில் நூற்றுக்கு நூறு படங்களையும் சரிபார்க்கும்படி கட்டளையும் இட்டது. திருட்டைப் பிடிக்க வேண்டியதுதான். ஆனால் இரண்டாவது படம் இல்லாத இடமெல்லாம் திருட்டு நடந்த இடமென்று எடுத்த எடுப்பில் எழுதிவிடாதீர்கள். வாய்க்காலுக்குப் போய் மண்ணை அளந்து பாருங்கள். அதன் பிறகு கைப்பேசியின் அனுமதியையும் பாருங்கள்.

வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பணித்தளப் பொறுப்பாளர்கள் எல்லோரும் தத்தம் கைப்பேசியுடன் ஒன்றிய அலுவலகத்திற்கு வர வேண்டும். மின்னேற்றி வந்தால் போதும்; மற்றதை உடனிருந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்து தருவோம்.